கல்லும் மரமும் சொல்லும் சாட்சி

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோர் விட்டுச் சென்றவற்றைக் கண்டு படிப்பினை பெறுமாறு அல்குர்ஆன் பல இடங்களில் தூண்டுகின்றது. நம்மில் பலருக்கோ பயணம் என்றால் உம்றாவும் வியாபாரமும்தான். "கட்டடம் பார்க்கவும் ஒரு பயணமா மௌலவி?" என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கும் சேர்த்தே இதனை எழுதுகின்றேன்.

எமது மூத்த உலமாக்கள் தலைமன்னாரில் கப்பலேறிச் சென்று ஓதிய ஊர்களில் கீழக்கரையும் ஒன்று. 2018ஆம் ஆண்டு நான் கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து இராமநாதபுரம் வழியாக பஸ்ஸில் அந்த ஊரை அடைந்தேன். அறூஸிய்யா மத்ரஸாவை நடத்திய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) வாழ்ந்து மறைந்த ஊர் அது. அவர் இலங்கைக்கும் வந்து பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் தோன்றக் காரணமாக இருந்தவர். அரபுத் தமிழில் அவர் எழுதிய நூல்கள் நம் பாட்டிமாரின் வீடுகளிலும் இருந்தன. ஆகவே, அந்நிய ஊர் ஒன்றுக்குப் போகும் உணர்வு எனக்கு வரவில்லை.

அங்கே என்னை நிறுத்தி வைத்தது நடுத்தெரு ஜும்ஆப் பள்ளிவாசல். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பள்ளி அது. உள்ளே கருங்கல் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தூண்களின் தலையில் பொதிகைகள், அவற்றின்மேல் கல் உத்திரங்கள். தமிழகத்துக் கோயில்களைக் கட்டிய அதே சிற்பிகளின் கைவழக்கம் என்பது பார்த்தவுடனே புரிகின்றது. ஆனால் பூவும் கொடியும் இருக்கின்றனவே தவிர, உயிருள்ளவற்றின் உருவம் கிடையாது. மார்க்கத்தின் வரம்பும் மண்ணின் கலையும் ஒரே தூணில் சண்டையின்றி நிற்பதைக் கண்டேன். கடும் வெயிலிலும் அந்தக் கல்தளத்தில் ஸுஜூது செய்யும்போது நெற்றிக்குக் குளிர்ச்சி கிடைத்தது.

இது தமிழ் முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய செய்தியல்ல. மத்திய ஆசியாவிலிருந்து வந்த ஸல்ஜூக்கியத் துருக்கியர் செய்ததும் இதுவே. இமாம் கஸ்ஸாலி அவர்களை 1091இல் பக்தாத் நிழாமிய்யாவுக்கு ஆசிரியராக அமர்த்திய நிழாமுல் முல்க், ஸல்ஜூக்கியரின் அமைச்சர்தாம். அவர்களின் ஒரு கிளையினர் அனத்தோலியாவில் ஆண்டபோது, தலைநகரான கொன்யாவில் அலாவுத்தீன் பள்ளிவாசலை எழுப்பினார்கள். அதன் தொழுகை மண்டபத்தில் நிற்கும் தூண்களில் பல, அதற்கு முந்திய ரோம, பைஸாந்தியக் கட்டடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அதே நாட்டின் ஸிவாஸ் நகரில் 1271ஆம் ஆண்டில் மட்டும் மூன்று பெரிய மத்ரஸாக்கள் கட்டப்பட்டன. மங்கோலியரின் ஆதிக்கத்தில் நாடு நலிந்திருந்த காலம் அது. அந்த நிலையிலும் அங்கே கல்விக்கூடங்கள் எழுந்தன. அவற்றின் கல்வாசல்களின் எழுத்தையும் கொடிவேலையையும் காண இன்றும் உலகம் அங்கே செல்கின்றது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் நம் மாவட்டத்தையே பார்க்கலாம். மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வழியில் நாலந்த கெடிகே இருக்கின்றது. பௌத்தர்களின் வணக்கத்தலமான அது, தென்னிந்தியப் பல்லவர் பாணியில் கல்லால் கட்டப்பட்டது. போவதென்ன நீர்த்தேக்கத்தால் அதற்கு ஆபத்து வந்தபோது, 1970களின் பிற்பகுதியில் கல் கல்லாகக் கழற்றி, நீர் எட்டாத உயரத்தில் மீண்டும் அடுக்கினார்கள். பாடசாலைப் பிள்ளைகளோடு அங்கே போகும்போதெல்லாம் அந்தப் பொறுமையை எண்ணி வியப்பேன்.

இனி, இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கின்றேன் என்பதற்கு வருகின்றேன். எமது ஊர்ப் பள்ளிவாசலின் பழைய மண்டபத்தை உடைத்துவிட்டு, குப்பாவும் உயர்ந்த மினாராவும் கொண்ட மாடிக் கட்டடம் எழுப்ப வேண்டும் என்று ஜமாஅத்தில் பேச்சு நடக்கின்றது. பலா மரத் தூண்களும் பீலி ஓட்டுக் கூரையும் சுண்ணாம்புச் சுவர்களும் கொண்ட மண்டபம் அது. உடைக்கச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். வெள்ளிக்கிழமைகளில் ஸஃப்புகள் முற்றத்தைத் தாண்டிப் போகின்றன. மழை வந்தால் முதியவர்கள் நனைந்தபடி தொழுகின்றார்கள். இடம் போதாது என்பது உண்மை. அதை மறுப்பவன் நான் அல்லன்.

ஆனால் இடம் போதாமைக்கு மருந்து புதிய இடம் சேர்ப்பது, இருப்பதை அழிப்பதல்ல. பின்னால் வக்பு நிலம் வெறுமையாகக் கிடக்கின்றது. புதிய கட்டடத்தை அங்கே எழுப்பி, பழைய மண்டபத்தைச் சிறுவர்களின் குர்ஆன் மத்ரஸாவுக்கு விடலாம். பொறியியலாளர் ஒருவரை அழைத்துக் கூரையின் பலத்தைப் பார்க்கச் சொல்லலாம். உளுத்த தூணை மாற்றத் தச்சர்கள் இன்னும் இருக்கின்றார்கள். எந்த முடிவுக்கும் முன்னர் மண்டபத்தை அளந்து, படம் பிடித்து, மூத்தவர்கள் அதைப் பற்றிச் சொல்வதை எழுதியாவது வைக்கலாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இந்த நாட்டில் "நீங்கள் எப்போது வந்தவர்கள்?" என்ற கேள்வி நம் பிள்ளைகளை நோக்கி எழுகின்றது. அதற்கு நாம் வாயால் சொல்லும் பதிலைவிட, சிங்களத் தச்சனின் உளியும் முஸ்லிம் ஹாஜியாரின் காசும் சேர்ந்து எழுந்த ஒரு மரத்தூண் சொல்லும் பதில் வலுவானது. எந்த நாட்டிலும் காணக்கூடிய ஒரு கொங்கிரீட் குப்பாவால் அந்தச் சாட்சியைச் சொல்ல முடியாது.

பள்ளிவாசலின் அழகு அதில் தொழுவோரால் வருவது என்பதை நான் மாணவர்களுக்குக் கற்பிக்கின்றேன். அது சரியே. எனினும் நமக்கு முன் அங்கே தொழுதவர்கள் நம்மிடம் ஒப்படைத்தது ஓர் அமானிதம். உங்கள் மஹல்லாவிலும் இப்படி ஒரு மண்டபம் இருந்தால், கூட்டத்தில் கைதூக்குவதற்கு முன் ஒருமுறை தனியாக அதனுள் சென்று, தூணில் சாய்ந்து உட்கார்ந்து பாருங்கள். அல்லாஹ் நம் எல்லோருக்கும் நல்ல முடிவைத் தருவானாக.