செவ்வாயில் நெருப்பும் பனியும்

1965 இல் மரைனர் 4 விண்கலம் அனுப்பிய 22 படங்கள் செவ்வாய்க் கோளைப் பற்றிய பல கனவுகளைக் கலைத்துவிட்டன. அவற்றிலே தெரிந்தவை பெரும்பாலும் சந்திரனிற் காணப்படுவன போன்ற குழிகளே. அது என்றோ செத்துப்போன கோள் என்று பலர் முடிவு கட்டினர். மேற்பரப்பில் நூற்றிலொரு பங்களவைக் கண்டுவிட்டு முழுவதற்கும் தீர்ப்பெழுதிய அவசரம் அது.

1971 நவம்பரில் மரைனர் 9 அக்கோளைச் சுற்றத் தொடங்கியபோது கோளம் முழுவதையும் புழுதிப்புயல் மூடியிருந்தது. புழுதிக்கு மேலே நான்கு கரும்புள்ளிகள் மாத்திரம் துலங்கின. புயல் அடங்க அடங்க அவை மாபெரும் எரிமலைகளின் உச்சிகள் என்பது புலனாயிற்று. அவற்றுள் ஒலிம்பசு மலை ஏறத்தாழ 22 கிலோமீற்றர் உயரமானது.

ஆயினும், நான்கனுள் வியப்புக்குரியது ஆர்சியா மலையே எனலாம். மத்திய கோட்டுக்கு அணித்தாயுள்ள அம்மலையின் மேற்குச் சரிவிலே, ஏறக்குறைய 1,70,000 சதுர கிலோமீற்றர் பரப்பில், விசிறி வடிவான படிவொன்று விரிந்து கிடக்கிறது. அதன் விளிம்பில் வரம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. பனிக்கட்டியாறு என்றதும் பாறையை உரசிக் கீறிச் செல்லும் ஆறே நம் நினைவுக்கு வரும். இங்கே அத்தகைய கீறல்கள் இல்லை. 2003 இல் ஜேம்சு ஹெட், டேவிட் மார்ச்சன்ற் என்னும் அறிஞர் இருவர் அந்தாட்டிக்காவின் வறள் பள்ளத்தாக்குகளை ஒப்புநோக்கி இதற்கு விடை கூறினர். கடுங்குளிரில் அடிநிலத்தோடு உறைந்து ஒட்டிய பனிக்கட்டி, தன்னுள்ளேயே நெகிழ்ந்து நகரும்; நிலத்தைச் சுரண்டாது. சுமந்துவந்த கல்லையும் மண்ணையும் விளிம்பிலே வரம்பாக விட்டுவிட்டுப் பின்வாங்கும்.

மத்திய கோட்டுக்குப் பனி எவ்வாறு வந்தது? செவ்வாயின் அச்சு இன்று சுமார் 25 பாகை சாய்ந்துள்ளது. அதனை நிலைநிறுத்தப் பெரிய சந்திரன் எதுவும் அதற்கில்லை. சாய்வு 45 பாகையளவுக்கு ஏறிய காலங்களில் முனைவுப் பனி ஆவியாகி, உயர்ந்த எரிமலைகளின் சரிவுகளிலே பனிமழையாக வீழ்ந்திருத்தல் வேண்டும். நெருப்பு எழுப்பிய மலையே பனிக்கு இடங்கொடுத்தது.

அப்பனிக்கு அடியிலும் மலை கக்கியது. 1996 இல் ஐசுலாந்தின் வத்னயோக்குல் பனிக்கவிப்பின் கீழ் எரிமலை வெடித்தபோது, உருகிய நீர் தேங்கிப் பின்னர் பெருவெள்ளமாகப் பாய்ந்தது. ஆர்சியாவிலும் ஏறத்தாழ 21 கோடி ஆண்டுகளுக்கு முன் இதனையொத்த உருகல் நிகழ்ந்து, பனிக்குள்ளே ஏரிகள் தோன்றியிருக்கலாம் என 2014 இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது. செங்குத்தான ஓரங்களோடு உறைந்த எரிமலைக்குழம்பு அதற்குச் சான்று. கோளின் வயதோடு ஒப்பிட்டால் 21 கோடி ஆண்டு நேற்றைய கதை. வெப்பமும் நீரும் கூடிய அவ்வேரிகளில் நுண்ணுயிர் வாழ்ந்திருக்குமா என்ற கேள்வி, செத்த கோள் என்ற பழைய தீர்ப்பை மீண்டும் விசாரணைக்கு அழைக்கிறது.

அச்சரிவில் இதுவரை எக்கலமும் இறங்கவில்லை. அவ்வுயரத்தில் வளி மிக ஐதானது. பரசூட் விரிந்தாலும் கலத்தின் வேகம் போதியளவு தணியாது.