இரண்டு உலக்கை, ஓர் உரல்

"கை வைக்காதே, ஷாக் அடிக்கும்." மின்சாரத்தைப் பற்றிப் பெரும்பாலான பெண்களுக்கு வீட்டில் கிடைக்கும் முதல் பாடமும் கடைசிப் பாடமும் இதுதான். ஃபியூஸ் போனால் அப்பா, அவர் இல்லாவிட்டால் அண்ணன், அவனும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பையன். ஆனால் மிக்சி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், தண்ணீர் மோட்டார் இவற்றோடு நாள் முழுக்கப் புழங்குவது யார்? கோபி பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அம்மா, "த்ரீ ஃபேஸ் வந்திருச்சு, மோட்டாரைப் போடோணும்" என்று நடுராத்திரியில் எழுந்து தோட்டத்துக்குப் போனவர். ஃபேஸ் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கும் சொன்னதில்லை.

நாற்பத்து நான்கு வயதில் அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதிரி ரயில் வேண்டியிருந்தது. பன்னிரண்டு வயது மகளுக்கு ரயில் பைத்தியம். ஒரு பலகை மேல் சின்ன ரயில் பாதை அமைக்கத் தொடங்கினோம். 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம், 12 வோல்ட் நேர்மின்சாரம். ஒயரும் ஸ்விட்சும் வாங்கப் போன கடையில், "வீட்ல சார் இருந்தா வரச் சொல்லுங்க மேடம், அவருக்குச் சொன்னா புரியும்" என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டில் சார் கிடையாது. ஒரு மல்டிமீட்டரையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தோம்.

மாதிரி ரயிலில் இரண்டு தண்டவாளங்களே இரண்டு ஒயர்கள். ஒன்றில் நேர்முனை, மற்றதில் எதிர்முனை. மின்சாரம் சக்கரம் வழியாக ஏறி, மோட்டாரைச் சுற்றிவிட்டு, மறுபக்கச் சக்கரம் வழியாக இறங்குகிறது. இரண்டு முனைகளையும் மாற்றி இணைத்தால் ரயில் பின்னோக்கி ஓடும். போலாரிட்டி என்பது இவ்வளவுதான்.

சிக்கல் வளையத்தில் வந்தது. ரயில் போன பாதையிலேயே திரும்பி வர, கடைசியில் ஒரு வளையம் வேண்டும் என்றாள் மகள். வரைந்து பார்த்தோம். இடது தண்டவாளத்தைப் பென்சிலால் தொடர்ந்து போனால், வளையம் சுற்றி வந்து வலது தண்டவாளத்தில் போய் முட்டுகிறது. நேர்முனையும் எதிர்முனையும் நேராகச் சேர்ந்தால் ஷார்ட் சர்க்யூட். இதற்கு வழி உண்டு. வளையத்தின் இரண்டு முனைகளிலும், இரண்டு தண்டவாளங்களையும் வெட்டிச் சின்ன இடைவெளி விட வேண்டும். வெட்டிய பகுதி ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். ரயில் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வெளிப்பாதையின் முனைகளை ஸ்விட்சால் மாற்றிவிட வேண்டும். பிறகு அது நிற்காமல் வந்த பாதையிலேயே திரும்பும்.

ஆணும் பெண்ணும் எதிரெதிர் துருவங்கள் என்று எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். கம்பிக்குப் பிறவியிலேயே துருவம் கிடையாது. நாம் எதோடு இணைக்கிறோமோ அதுதான் அதன் துருவம்.

போலாரிட்டி புரிந்ததும் மகள் கேட்டாள்: "அப்போ ஃபேஸ்னா?" வீட்டுக்கு வருவது மாறுமின்சாரம். நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வருகிறது. அதில் எந்த முனை நேர், எந்த முனை எதிர் என்று நிலையாகச் சொல்ல முடியாது. எந்த நேரத்தில் ஏறுகிறது, எந்த நேரத்தில் இறங்குகிறது என்பதே கணக்கு. பாடநூல் அதைக் கட்டம் என்கிறது. படம் போட்டு நான் விளக்கிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து வந்திருந்த அம்மா குறுக்கிட்டார். "ஏங்கண்ணு, இது நாங்க நெல்லு குத்துன மாதிரிதான?"

அதேதான். ஓர் உரலில் இரண்டு பேர் குத்தும்போது ஒருத்தியின் உலக்கை ஏறுகையில் மற்றவளுடையது இறங்கும். வேகம் ஒன்று, நேரம் வேறு. மூன்று பேர் சேர்ந்தால் ஒரு சுற்றின் நேரத்தை மூன்றாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். உரலில் அடி விழாத நேரமே இருக்காது. அதுதான் த்ரீ ஃபேஸ். மூவரில் எந்த இருவர் முறை மாறினாலும் சுற்று தலைகீழாகும். தோட்டத்து மோட்டாரில் இரண்டு ஃபேஸ் ஒயர்களை மாற்றிக் கொடுத்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றுவதும் இதனால்தான். அம்மாவின் தோளுக்கு இது முன்பே தெரியும். அது மின்சாரத்துக்கும் பொருந்தும் என்று மட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சொல்லிக்கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அ. லலிதா சான்று. 1919இல் சென்னையில் பிறந்தவர். 15 வயதில் திருமணம், 18 வயதில் கைக்குழந்தையோடு கைம்பெண். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து 1943இல் தேறினார். பயிற்சி பெற்றது ஜமால்பூர் ரயில்வே பணிமனையில். பிறகு பக்ரா நங்கல் அணையின் மின்தடங்களுக்காக வேலை செய்தார். அவருடைய அப்பா அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அப்படியோர் அப்பா வாய்க்காத பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

ரயில் ஓடத் தொடங்கிய பிறகு நான் டெஸ்டரோடு சமையலறைக்குப் போனேன். எங்கள் கிரைண்டரை அணைத்துவிட்டுத் துடைத்தாலும் விரலில் சுருக்கென்று ஏறும். "செருப்புப் போட்டுக்கிட்டு அரைங்க" என்பதுதான் வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் சொன்ன தீர்வு. எட்டு வருடம் செருப்புப் போட்டே அரைத்தோம். மூன்று துளை சாக்கெட்டில் எர்த் துளை மேலே இருந்தால், ஃபேஸ் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஸ்விட்ச் ஃபேஸ் ஒயரில்தான் இருக்க வேண்டும். எங்கள் சாக்கெட்டில் டெஸ்டர் இடப்பக்கம் எரிந்தது. ஸ்விட்ச் நியூட்ரலைத்தான் துண்டித்துக்கொண்டிருந்தது. அணைத்த பிறகும் கிரைண்டருக்குள் 230 வோல்ட் காத்திருந்தது. எர்த் ஒயர் எதிலும் இணைக்கப்படாமல் சுவருக்குள் சுருண்டு கிடந்தது.

வேறொரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். என்ன செய்ய வேண்டும் என்று நானே சொன்னேன். அரைமணி நேர வேலை. மெயினை அணைத்தவள் என் மகள். இப்போது அம்மா வெறுங்காலோடு நின்று மாவு அரைக்கிறார்.