நான்கு மில்லிமீற்றர்

சென்ற முறை கோமாரிக்குப் போயிருந்தபோது, கடற்கரையில் தம்பியின் பழைய லாண்ட் றோவர் பிக்அப் ஒரு படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தது. அறுகம்பைக்குப் போகும் வழியில் இறங்கி நின்ற இளைஞர் ஒருவர் அதைப் படம் எடுத்துவிட்டு, "எத்தனை குதிரைவலு?" என்று கேட்டார். "அறுபத்தெட்டு" என்றேன். அவர் சிரித்துவிட்டார். வீதியோரத்தில் நின்ற அவருடைய சிறிய காருக்கும் ஏறத்தாழ அவ்வளவு இருந்திருக்கும். அந்தக் காரை இந்த மணலில் இறக்கினால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லவில்லை.

அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். பத்திரிகையில் தவறான செய்தி வந்துவிட்டால் மறுநாள் 'திருத்தம்' என்று ஒரு சிறு கட்டம் போட்டுவிடுவோம். அந்த வகையில் நான் போட வேண்டிய திருத்தமொன்றும் இதில் இருக்கிறது.

அந்த வண்டி 1966ஆம் ஆண்டுத் தயாரிப்பு. முன் பின் அச்சுகளுக்கிடையே 109 அங்குலம், பின்னால் திறந்த பெட்டி, 2286 சி.சி. டீசல் எஞ்சின். எழுபதுகளின் பிற்பகுதியில் அரசாங்க ஏலமொன்றில் அப்பா அதை வாங்கினார். நெல் மூட்டை, விறகு, கருவாடு, உகந்தைக்குப் போகும் அடியார்கள் என்று அது ஏற்றாத சுமையில்லை.

1990இல் நாங்கள் ஊரை விட்டுத் திருக்கோவில் பக்கம் போக நேர்ந்தபோது வண்டி அக்கரைப்பற்றில், ஒரு முஸ்லிம் பெரியவரின் கராஜில், டீசல் பம்ப் கழற்றிய நிலையில் நின்றது. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சிப் பார்த்த காலம் அது. எங்களால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. பெரியவர் அதைப் பின்வளவுக்குத் தள்ளிச் சென்று கிடுகு போட்டு மூடி வைத்தார். விலைக்குக் கேட்டு வந்தவர்களிடம், "ஆக்கள் வருவாங்க" என்று மட்டும் சொன்னாராம். நாங்கள் திரும்பிப் போனபோது, சீலையில் சுற்றிய பம்பை எடுத்து மேசையில் வைத்தார். பம்பைக் கழுவிய கூலியைத் தவிர வேறெதையும் வாங்கவில்லை. அவருடைய மகன்தான் இன்று அந்தக் கராஜை நடத்துகிறார். எங்களுக்குக் காக்கா. இந்த உறவைச் சொன்னால்தான் என் தவறின் அளவு விளங்கும்.

சுனாமிக்குப் பிறகு வண்டி தம்பியின் கைக்கு வந்தது. அவன் அதைப் படகு இழுப்பதற்குப் பயன்படுத்தினான். வலையும் மீனும் எஞ்சினுமாகக் கரைக்கு வரும் படகை ஈர மணலில் மேலே இழுப்பது வேகத்தின் வேலையன்று. சில்லு மெதுவாகச் சுழல வேண்டும். சுழலும்போது பலமாகவும் சுழல வேண்டும். குறைந்த சுற்றில் கிடைக்கும் இந்தத் திருகும் பலத்தையே முறுக்குவிசை என்கிறோம். குதிரைவலு என்பது ஒரு வேலையை எவ்வளவு விரைவாக முடிக்கலாம் என்பதன் கணக்கு. சில்லின் நட்டு இறுகிவிட்டால் காக்கா ஸ்பானரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி அழுத்துவார். அவருடைய கைப்பலம் கூடுவதில்லை. பிடியின் நீளந்தான் கூடுகிறது, நட்டும் கழன்றுவிடுகிறது. எஞ்சினுக்குள்ளும் இதுவே நடக்கிறது. பிஸ்டன் தள்ளுகிற பலத்தைக் கிராங்கின் கை சுழற்சியாக மாற்றுகிறது. அந்தக் கையை நீட்டினால் பிஸ்டனின் அடிப்பு நீளமும் கூடும், கொள்ளளவும் கூடும், முறுக்குவிசையும் கூடும்.

எங்கள் எஞ்சின் தேய்ந்து, படகை இழுக்கத் திணறத் தொடங்கியது 2018இல். புதுப்பிக்கத்தான் போகிறோம், பலத்தையும் கூட்டிவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. அமெரிக்காவில் பழைய செவ்ரோலே பிக்அப் வைத்திருப்பவர்கள் செய்யும் 'ஸ்ட்ரோக்கர்' எஞ்சின் பற்றி அப்போது நிறைய வாசித்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய 350 கன அங்குல வீ8 எஞ்சினின் அடிப்பு நீளம் 3.48 அங்குலம். அதே குடும்பத்தின் 400 எஞ்சினுக்குரிய 3.75 அங்குலக் கிராங்கைச் சற்றுக் கடைந்து அதில் பொருத்தி, சிலிண்டரையும் சிறிது பெருப்பித்தால் 383 கன அங்குலம் கிடைக்கிறது. 3.48 அங்குலம் என்றால் 88.4 மில்லிமீற்றர். எங்கள் லாண்ட் றோவரின் அடிப்பு நீளம் 88.9. அரை மில்லிமீற்றர் வித்தியாசத்தைக் கண்டதும் விஷயம் முழுவதும் பிடிபட்டுவிட்டதாக நினைத்தேன். கலைப் பட்டதாரிக்கு எண்கள் ஒத்துப்போனால் போதும்.

நான் கண்ட வழி இதுதான். கிராங்கில் ரொட் பூட்டும் கழுத்துகளின் வெளிப்பக்கத்தில் வெல்டிங் வைத்து உயர்த்தி, மையத்தை 2 மில்லிமீற்றர் வெளியே தள்ளி மீண்டும் கடைவது. அடிப்பு நீளம் 4 மில்லிமீற்றர் கூடி 92.9 ஆகும், கொள்ளளவு 2389 சி.சி. ஆகும். பிஸ்டன் மேலே 2 மில்லிமீற்றர் அதிகமாக ஏறி ஹெட்டில் முட்டாதிருக்க, அதன் தலையை அவ்வளவுக்குச் சீவ வேண்டும். கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காக்காவிடம் கொண்டுபோனேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. பழைய கிராங்கைத் தூக்கி வாங்கில் வைத்தார். "தம்பி, இதுக்கு மூணு எடத்துலதான் புடி. நாலு ரொட் அடிக்கிற அடிய மூணு புடி தாங்குது. பெற்றோல் எஞ்சின் எண்டாலும் பரவாயில்ல, இது டீசல். ஒட்டு வச்சி நீட்டினா மொறியும். நான் செய்ய மாட்டன்" என்றார்.

அவர் சொன்னதில் இருந்த பொறியியல் எனக்குப் பின்னர்தான் விளங்கியது. டீசல் எஞ்சின் காற்றை மிகக் கடுமையாக அழுத்துகிறது. எங்கள் எஞ்சினில் அது இருபத்துமூன்றில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. ஒவ்வோர் எரிப்பும் கிராங்கை வளைக்கப் பார்க்கிறது. தாங்கும் மெயின் பெயரிங்குகளோ மூன்றுதான். முன்னைய இரண்டு கைகளும் ஒரு பெயரிங்குக்கும் அடுத்ததற்கும் இடையில் தொங்குகின்றன. பின்னைய இரண்டும் அப்படியே. கழுத்து தண்டோடு சேரும் வளைவில்தான் இந்த வளைப்பெல்லாம் வந்து குவிகிறது. அந்த வளைவில் வெல்டிங் சூடு பட்டால் உருக்கின் குணமே மாறிவிடும்.

அன்று நான் எடுத்த முடிவு வேறு. காக்கா பழைய காலத்து ஆள், புதியதற்கு அஞ்சுகிறார் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் தயங்கினான். "நீங்க சொன்னாச் சரி அண்ணன்" என்றான். வேறோர் ஊரில், கேட்டதைச் செய்து தருகிற லேத் பட்டறையொன்றில் கிராங்கைக் கொடுத்தேன். எஞ்சின் பூட்டி ஓடியபோது உண்மையாகவே நன்றாக இழுத்தது. நான் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமை நான்கு மாதம் நீடித்தது.

2018 நவம்பரில் ஒரு காலை. வாடைக்காற்று தொடங்கி, கடல் கொந்தளிக்க ஆரம்பித்திருந்தது. படகு பாதி ஈரத்திலும் பாதி மணலிலும் கிடந்தபோது எஞ்சினுக்குள் இரும்பில் சுத்தியல் அடித்ததுபோல் ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. அடுத்து வந்த அலை படகைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பியது. அணியத்தைப் பிடித்து நின்ற தம்பியின் முழங்கால் படகுக்கும் வண்டியின் பின்கொக்கிக்கும் இடையில் அகப்பட்டது. நான்கு மாதம் அவன் கடலுக்குப் போகவில்லை. எஞ்சினைத் திறந்தபோது கிராங்க் வெல்டிங் வைத்த கழுத்தின் வளைவில் குறுக்காக முறிந்திருந்தது. காக்கா அதைப் பார்த்தார். "நான் சொன்னனே" என்று சொல்லவில்லை. "தம்பிட கால் எப்படி?" என்றுதான் கேட்டார்.

அதன் பிறகு வண்டி வளவில் கிடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய பிக்அப்களின் விலையும் கைக்கு எட்டாமற் போயிற்று. கொழும்பில் பழைய வண்டி சேர்ப்போர் எங்களுடையதற்கு நல்ல விலை பேசினார்கள். தம்பி விற்கச் சம்மதிக்கவில்லை. இம்முறை நான் வாய் திறக்கவில்லை. காக்காவே வழி சொன்னார்.

நான் செய்ய நினைத்ததை லாண்ட் றோவர் தொழிற்சாலையே செய்திருந்தது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். 1980இல் அவர்கள் அந்த எஞ்சினின் மூன்று மெயின் பெயரிங்குகளை ஐந்தாக்கினார்கள். ஒவ்வொரு கைக்கும் இருபுறமும் பிடி கிடைத்தது. அதன் பிறகே, 1984இல், சிலிண்டரின் 90.47 மில்லிமீற்றர் குறுக்களவைத் தொடாமல், அடிப்பு நீளத்தை 97 மில்லிமீற்றராக்கி 2495 சி.சி. டீசலை வெளியிட்டார்கள். கிராங்கின் கை நீண்டது ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். முறுக்குவிசை சுமார் 140 நியூட்டன் மீற்றரிலிருந்து 155 ஆனது. அதுவும் நிமிடத்துக்கு 1800 சுற்றிலேயே. முதலில் தாங்குவதற்குப் பிடி, நான்கு ஆண்டுகள் கழித்து நீளம். நான் பிடியைப் பற்றி நினைக்காமல் நீளத்துக்குப் போயிருந்தேன்.

2021இல் மலையகத்தில், ஒரு தோட்டத்துப் பழைய 110 வண்டியிலிருந்து கழற்றிய அத்தகைய எஞ்சினொன்று கிடைத்தது. காக்கா அதை முற்றாகப் பிரித்தார். சிலிண்டர்கள் இருபதில் போர் செய்யப்பட்டன, அதாவது அரை மில்லிமீற்றர் பெருப்பித்துப் புதிய பிஸ்டன்கள். சாயம் பூசி வெடிப்பில்லை என்று கண்ட பின்பே கிராங்கைப் பத்தில் கடைந்தார், கால் மில்லிமீற்றர். கழுத்தின் வளைவுகளைத் தானே விரலால் தடவிப் பார்த்தார். ஹெட் மட்டஞ்செய்து, இன்ஜெக்டர்கள் சோதித்து, புதிய டைமிங் பெல்ட் போட்டார். பழைய எஞ்சினில் அந்த இடத்தில் சங்கிலி இருந்தது. கடற்கரை மணலும் உப்பும் பெல்ட்டுக்கு ஆகா என்று அதன் மூடியை மூன்று தடவை கழற்றிப் பூட்டினார். எங்கள் கியர்பெட்டியோடு அது பெரிய வெட்டல் கொத்தல் இன்றிப் பொருந்தியது. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்றும் அலைச்சல் மட்டும் என் பங்கு.

வேலை முடிந்தது 2022 ஜூனில். அப்போது நாட்டில் டீசல் இல்லை. இருந்த இடத்தில் லீற்றர் 460 ரூபா, அதற்கும் நாட்கணக்கில் வரிசை. புது எஞ்சின் இரண்டு மாதம் கிடுகின் கீழ் நின்றது, 1990இல் நின்றதைப் போல. க்யூஆர் முறை வந்து பங்கு டீசல் கிடைத்த பின்பே அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். தம்பி லோ கியரைப் போட்டுக் கிளச்சை விட்டான். சத்தம் கூடவில்லை. சில்லு ஒரு தடவை மணலைக் கிளறி, பின் பிடித்துக்கொண்டது. படகு வந்தது.

அந்த இளைஞர் கேட்ட கேள்விக்கு அறுபத்தெட்டு என்பது சரியான விடைதான். இனி என் திருத்தம்: காக்கா பழைய காலத்து ஆள் என்று 2018இல் தம்பியிடம் நான் சொன்னது தவறு. அதை நம்பியவன் அவன், காலில் வாங்கியவனும் அவனே. மழைக்காலத்தில் இன்றும் அந்த முழங்கால் வலிக்கிறது என்று அவன் மனைவி சொல்கிறாள். அவன் என்னிடம் சொல்வதில்லை. முறிந்த கிராங்கின் பெரிய துண்டை அவன் எறியவில்லை. கயிறு கட்டிப் படகில் நங்கூரமாக வைத்திருக்கிறான்.