ஐ ஆம் இன்ட்ரெஸ்டிங்

நான்கு மாதமாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த விஷயம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா தபால் நிலையத்தில் எழுத்தர். நம் பள்ளித் தபால் தலை மன்றத்தில் நான் காட்டிய ஆல்பம் அவருடையதுதான். அதில் 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தி தபால் தலைகள் இரண்டு செட் இருந்தன. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். ஸ்விட்சர்லாந்தில் அச்சடித்தவை. ‘பாபு’ என்று இந்தியிலும் உருதுவிலும் போட்டிருக்கும். நான்கும் சேர்த்து அன்று 11 ரூபாய் 1 அணா. எழுத்தர் சம்பளத்தில் இரண்டு செட் எதற்கு என்று அம்மா கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு செட்டை விற்று, தெருப்பிள்ளைகளுக்கு ஆல்பம் வாங்கித் தரலாம் என்று நினைத்தேன். மகன் ஓர் ஏலத் தளத்தில் பதிவு செய்து கொடுத்தான். ஆரம்ப விலை 12,000. ஏலம் 15,200க்கு வந்தபோது ஒரு செய்தி வந்தது. மான்செஸ்டரில் இருக்கிறாராம். தபால் தலை சேகரிக்கும் மாமாவுக்கு எழுபதாவது பிறந்தநாளாம். ஏலத்தை நிறுத்திவிட்டால் 40,000 தருகிறாராம். மற்றதை வாட்ஸ்அப்பில் பேசலாம் என்றார்.

முதல் வரியே ‘ஐ ஆம் இன்ட்ரெஸ்டிங் இன் யுவர் ஸ்டாம்ப்’. இந்த ஒரு தப்புக்காக உங்களில் எத்தனை பேருக்குச் சிவப்பு மையில் சுழித்து அரை மார்க் குறைத்திருப்பேன்! மான்செஸ்டர்காரர் இப்படி எழுதுவாரா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அவசரத்தில் எழுதியிருப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், 40,000 என்னை விழுத்தாட்டவில்லை. இவற்றை இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தது யார் என்று அடுத்த செய்தியில் கேட்டார். நான் அப்பாவைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். பதிலுக்கு, ‘உங்கள் தந்தை பெரிய மனிதர்’ என்று வந்தது. அப்பா போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவரைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டே வெகுகாலம்.

மறுநாள் பிரபலமான பணப் பரிமாற்ற நிறுவனம் ஒன்றின் பெயரில் மெயில் வந்தது. 58,500 ரூபாய் என் கணக்கில் ‘நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது’. அதில் 18,500 ரூபாய், வீட்டுக்கே வந்து பார்சலை எடுத்துப்போகும் ஏஜென்ட்டின் கூலி. அதை நான் முதலில் அவருக்கு அனுப்பினால் முழுத்தொகையும் விடுவிக்கப்படும். போனிலேயே அனுப்பினேன். ஏஜென்ட் வரவில்லை. மூன்றாம் நாள், கணக்கை வணிகக் கணக்காக மாற்ற இன்னும் 42,000 என்று அடுத்த மெயில்.

அவ்வளவு பெரிய தொகையைப் போனில் அனுப்பத் தைரியம் இல்லாமல் வங்கிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தது நம் பள்ளிப் பெண். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“யாருக்கு சார் இவ்வளவு?” என்றாள். விளக்கினேன். அவள் சலானைக் கீழே வைத்துவிட்டு, “உங்களுக்கு வர்ற பணத்துக்கு நீங்க எதுக்கு சார் பணம் கட்டணும்?” என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இவளுக்கு வெளிநாட்டு வியாபாரம் என்ன தெரியும் என்று நினைத்தேன். அவள் என் போனை வாங்கி மெயிலைத் திறந்து, அனுப்பியவர் முகவரியைக் காட்டினாள். @ குறிக்குப் பின்னால் அந்த நிறுவனத்தின் பெயரே இல்லை. யார் வேண்டுமானாலும் தொடங்கக்கூடிய இலவச மெயில். லிங்க்கைத் தொடாமல் நிறுவனத்தின் சொந்தச் செயலியைத் திறக்கச் சொன்னாள். அங்கே இருந்தது பூஜ்யம்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்துவிட்டு, அவளே 1930க்குப் போன் போட்டாள். சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் புகாரும் பதிவு செய்தோம். பணம் போன கையோடு சொல்லியிருந்தால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டாம். மூன்று நாளில் பணம் கை மாறிக் கை மாறிப் போய்விட்டது. இதுவரை திரும்பவில்லை. தபால் தலைகள் மட்டும் அப்பாவின் பழுப்புக் கவரில் பத்திரமாக இருந்தன. அவனுக்கு அவை தேவையே இல்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

மனைவியிடம் பதினோரு நாள் சொல்லவில்லை. “சாப்பாடு இறங்காதப்பவே தெரியும், நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன்” என்றாள். மகனிடம் அவள்தான் சொன்னாள்.

இடையில் ஒரு விஷயம். தாத்தா காலத்துக் கம்பெனிக் காசை வெளிநாட்டுக்கு விற்கலாமா என்று உங்களில் இருவர் கேட்டிருந்தீர்கள். கூடாது. நூறு வருடம் தாண்டிய நாணயம் 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டை விட்டு அனுப்ப முடியாது.

போன மாதம் அதே செட்டை மறுபடி ஏலத்துக்கு விட்டேன். கனடாவிலிருந்து ஒருவர் 16,100க்கு எடுத்தார். அவர் ஆங்கிலத்தில் தேடினாலும் ஒரு பிழை இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாகிவிட்டது! ஆறு கேள்வி கேட்டேன், பொறுமையாகப் பதில் எழுதினார். பணத்தை ஏலத் தளத்தின் வழியாகவே கட்டினார். என் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பார்சலைத் தபாலில் அனுப்பினேன். நேற்று ஆல்பத்தில் ஒட்டிய படம் அனுப்பியிருக்கிறார். அப்பாவைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.