புதுவையில் ஒரு ஜீப்பின் தாகம்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் என்னென்ன பார்ப்பார்கள்? கடற்கரைச் சாலை, காந்தி சிலை, மணக்குள விநாயகர், வெள்ளை நகரத்து மஞ்சள் சுவர்கள், திரும்பும் வழியில் ஒரு ரொட்டிக் கடை. இந்த வாரம் உங்களை வேறு பக்கம் அழைத்துப் போகிறேன். முந்தானையால் கொஞ்சம் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். டீசல் வாசனை தூக்கலாக இருக்கும்.

வில்லியனூர் போகும் சாலையில், மரத்தடிப் பட்டறை ஒன்றில் ஒரு பழைய வில்லிஸ் ஜீப் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இரண்டாம் உலக யுத்தத்தில் புகழ் பெற்ற ஜாதி. அந்த ஜாதி ஜீப்புக்குப் பிறவியில் கிடைத்தது 2199 சி.சி. பெட்ரோல் இஞ்சின், பலம் 60 குதிரை. இந்த வண்டியின் சொந்தக்காரருக்கு அது போதவில்லை. 2002-ல் வெளிவந்த ஸ்கார்ப்பியோ வண்டியின் 2609 சி.சி. டர்போ டீசல் இஞ்சினை, 109 குதிரைகளோடு, அந்தச் சின்ன மூக்குக்குப் பின்னால் குடியேற்றிவிட்டார்!

இந்த மோகம் புதிதல்ல. பெட்ரோல் ஜீப்புகளை டீசலாக மாற்றுவது நம் ஊர்ப் பட்டறைகளுக்கு வெகு நாளாகக் கைவந்த கலை. 1980-களில் மகேந்திரா ஜீப்புகளில் வந்த டீசல் இஞ்சின் பிரெஞ்சுக்காரர்களான பெஜோ கம்பெனியாரின் உரிமம் பெற்றுச் செய்தது. புதுவையின் நிர்வாகத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ந் தேதி நம்மிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் நாட்டு இஞ்சினோ ஜீப்புக்குள் ஒளிந்துகொண்டு கொல்லைப்புற வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

இருக்கட்டும். குதிரை கூடினால் கோபமும் கூடுமே! எரிகிற டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதியை ரேடியேட்டர் தண்ணீர்தான் சுமந்து வெளியே கொட்ட வேண்டும். 60 குதிரைக்கு வைத்த ரேடியேட்டர் 109 குதிரைக்கு எப்படித் தாங்கும்? நாலு பேருக்குச் சமைக்கும் அடுப்பங்கரையில் கல்யாணச் சமையல் வைத்தால் புகை எங்கே போகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

“ரேடியேட்டரைப் பெருசா போட்டா சரியாப் போச்சுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, சார். காத்து உள்ளே வர்றது பாதி வேலை, வெளியே போறதுதான் மீதி வேலை” என்றார் மேஸ்திரி. கையில் ஸ்பானரோடு பேசுகிறவர்களின் தத்துவத்தை நான் எப்போதும் மதிப்பவன்.

அவர் காட்டியதைச் சொல்கிறேன். ஜீப்பின் மூக்கு குறுகல். அகலமான ரேடியேட்டருக்கு இடமில்லை. ஆகவே தடிமனாகப் போடுகிறார்கள். தடிமன் கூடக்கூடக் காற்று புகுவது சிரமம். போதாக்குறைக்கு, டர்போவுக்காக ஒரு இன்டர்கூலர், ஏ.சி.க்காக ஒரு கண்டென்சர், அழகுக்காக நாலு விளக்கு என்று முன்னால் வரிசையாக நிறுத்தினால், பாவம், ரேடியேட்டருக்குக் கிடைப்பது மற்றவர்கள் விட்ட வெந்த மூச்சுதான்.

அடுத்தது விசிறி. அதைச் சுற்றித் தகரக் கூண்டு ஒன்று வேண்டும். பட்டறைப் பாஷையில் ஷ்ரவுடு. அது இல்லாவிட்டால் விசிறி தன் ஓரத்துக் காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். புது இஞ்சினை வைக்கும் அவசரத்தில் பலர் முதலில் கழற்றி எறிவது இந்தக் கூண்டைத்தான். மின்சார விசிறி வைக்கலாமே என்பீர்கள். யுத்த கால ஜீப்பின் 6 வோல்ட் மின்சாரம் அதற்குக் காணாது. 12 வோல்ட் ஆல்டர்னேட்டரும் கூடவே வர வேண்டும்.

இன்னொரு சூட்சுமம் எனக்கு மிகவும் பிடித்தது. புது இஞ்சின் உயரம். அதன் தலை ரேடியேட்டர் மூடியைவிட மேலே போய்விட்டால், காற்றுக் குமிழி அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். தண்ணீர் நிறைந்திருப்பதுபோல் தெரியும். உள்ளே இரும்பு காய்ந்துகொண்டிருக்கும். அதனால் வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கீழ்க் குழாய்க்குள் ஒரு கம்பிச் சுருளும் வைக்கிறார்கள். இல்லாவிட்டால் இஞ்சின் வேகத்தில் ரப்பர் குழாய், குழந்தை உறிஞ்சிய காகிதக் குழல்போல் ஒட்டிக்கொண்டுவிடும்.

தண்ணீர் என்றதும் ஊர்க் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. பாரதி பூங்கா நடுவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆயி என்ற தாசி தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டினாள் என்பது வழிவழிக் கதை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தபோது அவள் நினைவாக எழுந்தது அந்த மண்டபம். கடலோர ஊருக்கு நல்ல தண்ணீர் என்றுமே வெளியிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. இப்போதும் கரையோர ஆழ்குழாய்கள் பலவற்றில் உப்புத்தான். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், உங்கள் வெந்நீர்த் தவலையில் படியும் அதே வெள்ளைக் காரை உள்ளே படிந்து, நுண்ணிய குழாய்களை அடைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் கூலண்ட்டும் பாதிக்குப் பாதி. அதுதான் முறை.

கூலண்ட் சற்று இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். குளிர்பானப் புட்டியில் மட்டும் ஒருநாளும் ஊற்றி வைக்காதீர்கள்.

சோதனை எங்கே வருகிறது தெரியுமா? நெடுஞ்சாலையில் அல்ல, அங்கே எதிர்க்காற்றே விசிறி. புதுவையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் சந்நிதியும், 2 கோடி வருஷத்துக் கல்மரங்களும் உள்ள ஊர். அந்தப் பக்கம் சங்கராபரணி ஆற்றோர மணலில் சின்ன கியரில் ஜீப் ஊர்கிறது என்று வையுங்கள். இஞ்சின் அலறுகிறது, வண்டியோ நடக்கிற வேகம். காற்று இல்லை. மேலே அக்கினி நட்சத்திரம். முள் சிவப்புக்குப் போவது இங்கேதான்.

அப்போது ஓட்டுகிறவர் முறுக்கிக்கொண்டு, “இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்பார். நம்பாதீர்கள்! ஹெட் வளைந்து காஸ்கெட் போனால் செலவு உங்கள் நகைப் பெட்டி வரைக்கும் வரும். நிழலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஆவி கிளம்பியிருந்தால் இஞ்சினை உடனே அணைக்க வேண்டும். மூடியை மட்டும் தொடக் கூடாது. அது பிரஷர் குக்கரின் தம்பி. உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். திறந்த கணம் பொங்கி முகத்தில் அடிக்கும். குக்கரை எப்படித் திறப்பதென்று உங்களுக்குத் தெரியும். வீட்டு ஆண்களுக்குத் தெரியாது. முக்கால் மணி நேரமாவது ஆறட்டும். கொதிக்கும் இரும்பில் பச்சைத் தண்ணீர் விடுவதும் ஆகாது, வெடிப்பு விடும்.

சட்டமும் ஒன்று உண்டு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியை இஷ்டப்படி மாற்ற இடம் தருவதில்லை. இஞ்சின் மாற்ற நினைப்பவர் முதலில் போக வேண்டியது போக்குவரத்து அலுவலகத்துக்கு, பிறகுதான் பட்டறைக்கு.

திருவக்கரைக்குப் போவதானால் விடியற்காலையில் கிளம்புங்கள். பௌர்ணமியில் கூட்டம் நெரியும். இரண்டு பாத்திரங்களில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று உங்களுக்கு, ஒன்று ஜீப்புக்கு. இரண்டும் மாறிப்போகாமல் அடையாளம் போட்டு வையுங்கள்.