மேலூர்ப் பக்கம் ஒரு ஹெரால்டு

பழைய கார் வாங்குற கிறுக்கு உங்களுக்கும் இருக்கா? அப்ப இதைப் படிச்சிட்டுப் போங்க, பத்தாயிரம் ரூபாயாவது மிச்சமாகும். எனக்குப் போன பத்தாயிரத்தைத்தான் சொல்றேன்.

நான் சின்னப் பையனா இருக்கறப்ப எங்க தெரு டாக்டர் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வச்சிருந்தார். அதுல சாய்ஞ்சு நின்னு அப்பா எடுத்துக்கிட்ட கருப்பு வெள்ளை போட்டோ ஒண்ணு இன்னும் வீட்ல இருக்கு. அந்தக் கார் எங்களோடது இல்லைன்னு எனக்குத் தெரியவே பத்து வயசாச்சு. அப்பா போனதுக்கப்புறம் அந்தப் போட்டோவைப் பாத்துப் பாத்து வந்த வியாதி இது.

ஹெரால்டு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இங்கிலாந்தோட டிரையம்ப் ஹெரால்டை 1961லிருந்து நம்ம மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி செஞ்சது. 948 சி.சி. எஞ்சின். அம்பாசிடர் கல்கத்தாப் பக்கம், ஃபியட் பம்பாய், இது நம்ம ஊரு. இங்கிலாந்துல ரெண்டு கதவுதான். ஏறி இறங்கத் தோதா நாலு கதவு வச்சு அறுபதுகளோட கடைசியில இங்க மட்டும் செஞ்சாங்க. அப்புறம் 1972ல கெசல்னு பேரு மாறி வந்துச்சு. (1985ல ஸ்டாண்டர்டு 2000 விட்டாங்க. அந்தச் சோகத்தை இன்னொரு நாள் பேசுவோம்.)

சரி, பத்தாயிரத்துக்கு வருவோம். முதல்ல பாத்தது ஒரு புரோக்கர் காட்டின சிவப்பு ஹெரால்டு. என்னா பளபளப்பு! கண்ணாடி மாதிரி முகம் தெரியுது. மறுபேச்சு பேசாம அட்வான்ஸ் கொடுத்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சு எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டுப் போனேன். எழுபது வயசு, பழைய ஆளு. அவர் பெயிண்டைத் திரும்பிக்கூடப் பாக்கலை. சட்டைப் பையிலேர்ந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து, துணியில சுத்தி, கதவுக்குக் கீழ வச்சார். தொப்புனு கீழ விழுந்துச்சு. பின் சக்கரத்துக்கு மேல வச்சார். தொப்.

"தம்பி, இது காரு இல்ல. பட்டி. பட்டிக்கு நடுவுல அங்கங்க தகரம் இருக்கு."

அட்வான்ஸ் திரும்ப வரலை. வராதுன்னு நீங்களும் கண்டுபிடிச்சிருப்பீங்க.

அதுக்கப்புறம் ஆறு மாசம் கழிச்சுத்தான் மேலூர்ப் பக்கத்து கிராமத்துல ஒரு நாலு கதவு ஹெரால்டு இருக்குன்னு சேதி வந்துச்சு. 1969 மாடல். ஒரு வாத்தியார் வச்சிருந்தது, அவர் காலமாகி நாலு வருசம். ஒத்தக்கடை தாண்டி பஸ்ல போறப்பவே அண்ணன் கண்டிசன் போட்டுட்டார்: "நான் சொல்ற வரைக்கும் நீ வாயைத் தொறக்கக் கூடாது."

வைக்கப்போர் பக்கத்துல தகரக் கொட்டகை. வண்டி மேல ரெண்டு இஞ்சு தூசி. பின் சீட்டுல கோழி ஒண்ணு அடை உக்காந்திருந்தது. என் மனசு அப்படியே உக்காந்துபோச்சு. அண்ணன் முகமோ மலர்ந்துச்சு. "பெயிண்டு அடிக்காத வண்டி பொய் சொல்லாதுப்பா" ன்னார்.

அன்னிக்கு அவர் பாத்த வரிசையை அப்படியே சொல்றேன். ஹெரால்டுக்கு அடியில தனியா ஒரு சேஸிஸ் உண்டு, பாடியைத் துண்டு துண்டா அது மேல போல்ட் போட்டு மாட்டியிருப்பாங்க. (ஃபியட் அப்படி இல்ல, பாடியே எலும்புக்கூடு. அதுல தரை துருப்பிடிச்சா கதை முடிஞ்சது.) அதனால சேஸிஸ் தொங்கிருச்சான்னு கண்டுபிடிக்க வண்டிக்கு அடியில படுக்கறதுக்கு முன்னாடியே ஒரு வழி இருக்கு: கதவு இடுக்கு. மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே அளவா இருக்கணும். மேல ஒரு விரல், கீழ ரெண்டு விரல்னு இருந்தா கும்பிட்டுட்டு வந்துரணும். அப்புறம்தான் அடியில போய் ஸ்குரூ டிரைவரால சேஸிஸைத் தட்டினார். பாடியைத் தாங்க பக்கவாட்டுல நீட்டிக்கிட்டிருக்கற கைகளைத்தான் ரொம்ப நேரம் தட்டினார். அங்கதான் சேறு சேரும், அங்கதான் துரு தொடங்கும். 'டங்' னு கேட்டா நல்லது. 'சொத்' னு கேட்டா இல்ல. ரெண்டு இடம் சொத். மத்ததெல்லாம் டங். கடலோர வண்டியா இருந்தா இந்நேரம் உதிர்ந்திருக்கும், நம்ம மேலூர் வெயில் காப்பாத்தியிருக்கு.

இந்த வண்டியில பானட்டு மட்கார்டோட சேர்ந்து முன்பக்கமா மொத்தமாத் திறக்கும். எஞ்சின் அப்படியே கடைவிரிச்ச மாதிரி தெரியும். என்னை உள்ள உக்காரவச்சு கிளட்சை மிதிக்கச் சொன்னார். முன்னாடி பெல்ட் ஓடுற புல்லியையே உத்துப் பாத்தார். மிதிக்கறப்ப புல்லி கண்ணுக்குத் தெரியற மாதிரி முன்ன பின்ன நகர்ந்தா, கிராங்க் ஷாஃப்டுல இருக்கற திரஸ்ட் வாஷர் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். அது கழண்டு விழுந்தா பிளாக்கே போயிரும். நகரலை. அண்ணன் பீடி பத்தவச்சார், நல்ல சகுனம்.

கடைசியா முன் சக்கரம். ஜாக்கி போட்டு மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினார். லேசா ஆடுச்சு. சக்கரத்தைத் தாங்கற அடி மூட்டுக்கு டிரன்னியன்னு பேரு. அதுக்குள்ள மரையில ஆயில் நிக்கணும், கியர் ஆயில். கிரீஸ் அடிக்கவே கூடாது. ஆனா நம்ம ஒர்க்ஷாப்புகள்ல எதைக் கண்டாலும் கிரீஸ் கன்னைத்தானே எடுப்பாங்க! கிரீஸ் மரை வரைக்கும் போகாது, தண்ணி மட்டும் போகும். உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்சு ஒருநாள் சக்கரம் படக்குனு உள்பக்கமா மடங்கிரும். அழகர்கோயில் ரோட்டுல அப்படி மடங்கின வண்டியை அண்ணன் சின்ன வயசுல பாத்திருக்கார். அது மெதுவா திரும்பிக்கிட்டிருந்த வண்டியாம், அதனால ஆள் பொழைச்சாங்க. கழட்டிப் பாத்தா இதுலயும் உள்ள கிரீஸ் களி மாதிரி காஞ்சு கெடந்துச்சு. இதெல்லாம் இங்கிலாந்துலேர்ந்து புதுசாவே வாங்கிரலாம், டிரையம்ப் பொருள் அங்க இன்னும் கிடைக்குது. பின் கதவுதான் கிடைக்காது. நாலு கதவு நம்ம நாட்டோட சமாச்சாரம், அங்க போய்க் கேட்டா முழிப்பாங்க. அதனால பின் கதவு ரெண்டும் ஒழுங்கா இருக்கணும். இருந்துச்சு.

பெட்ரோல் ஹோஸ் பழைய ரப்பர். இப்ப பங்க்ல வர்ற 20 சதவீத எத்தனால் அதைக் கரைச்சுரும், வாங்கின அன்னிக்கே மாத்தணும். சென்னை வண்டியா இருந்தா 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க நின்னுச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

இரும்பு பாஸ். அப்புறம் காகிதம். இங்கதான் நான் ஒழுங்கா மாட்டினேன்.

ஆர்.சி. புத்தகம் இருந்துச்சு. சேஸிஸ் நம்பரை பென்சிலால தேய்ச்சுப் பாத்தோம், ஒத்துப்போச்சு. ஆனா பேரு வாத்தியாரோடது. உரிமையாளர் இறந்தா 3 மாசத்துக்குள்ள வாரிசு படிவம் 31 கொடுத்து பேரு மாத்தணும். அதுக்கப்புறம்தான் விக்க முடியும். நாலு வருசமா யாரும் செய்யலை. 2021ல வந்த விதிப்படி 50 வருசம் தாண்டின, மாத்தாத வண்டியை விண்டேஜ்னு பதியலாம். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வச்சுக்கலாம். தினமும் ஓட்டத்தான் அனுமதி இல்ல, கண்காட்சி, ரேலி மாதிரி போய்வரலாம். எதுக்கும் முதல்ல பேரு சரியா இருக்கணுமே.

பெரிய மகன் மதுரையில கடை வச்சிருக்கார். "அம்மா கையெழுத்து போதுண்ணே, மிச்சத்தை நான் ஆள் வச்சு முடிச்சுத் தர்றேன்" ன்னார். விலையும் எனக்குக் கட்டுப்படியாகிற விலை. சரின்னு சொல்ல வாயெடுத்துட்டேன். அப்பத்தான் வாத்தியாரம்மா காப்பி டம்ளரோட வந்து கொட்டகை வாசல்லயே நின்னாங்க.

"தம்பி, சின்னவன் சிங்கப்பூர்ல இருக்கான். அவங்கப்பா அவனுக்கு ஓட்டப் பழக்கினது இந்த வண்டியிலதான். ரெண்டு வருசமா அண்ணனும் தம்பியும் பேச்சு வார்த்தை இல்ல. வண்டியும் அவனைக் கேக்காமப் போச்சுன்னா..."

பெரியவர் எந்திரிச்சு வெளிய போயிட்டார். அண்ணன் என்னைப் பாத்தார். நான் பர்சைத் திரும்ப பாக்கெட்டுல வச்சேன். (முதல் தடவையே இப்படி வச்சிருக்கலாம்.)

சின்னவரோட நம்பரை அம்மாகிட்ட வாங்கி அன்னிக்கு ராத்திரியே கூப்பிட்டேன். யார்னு சொல்லி, வண்டி பாத்ததைச் சொல்லி, உங்க கையெழுத்து இல்லாம வாங்கறதா இல்லைன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ரிவர்ஸ் விழறப்ப ஒரு சத்தம் வருமே, இன்னும் வருதாண்ணே?" ன்னு கேட்டார். வண்டி ஸ்டார்ட்டே ஆகலைங்கன்னேன். சிரிச்சார். பொங்கலுக்கு வர்றேன், வந்து பேசிக்கலாம்னார். கொடுப்பேன்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை.

பொங்கலுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கு. டிரன்னியனைக் கழட்டிக் கழுவி ஆயில் ஊத்திட்டு வந்திருக்கோம். ஞாயித்துக்கிழமை போனா வாத்தியாரம்மா காப்பி கொடுக்கறாங்க. கோழி குஞ்சு பொரிச்சிருச்சு, ஒன்பது. அதுக பெருசாகற வரைக்கும் பின் சீட்டைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு.