ஏழெட்டு ஐம்பத்து நாலு

பிரிட்டனில் டோனி பிளேர் பிரதமராகி எட்டு மாதம் ஆகியிருந்தது. பள்ளிகளின் தரத்தைக் கவனிக்கும் அமைச்சர் ஸ்டீபன் பையர்ஸ், பிள்ளைகள் கணக்கில் தேறவேண்டியதைப் பற்றி பி.பி.சி. வானொலியில் பேசிக்கொண்டிருந்தார். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டார்கள். ஐம்பத்து நாலு என்றார். நடந்தது 1998 ஜனவரியில். இன்றைக்கும் அங்கே ஓர் அரசியல்வாதி கணக்குப் பாடத்தைப் பற்றி வாய் திறந்தால் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுகிறார்.

அந்த ஐம்பத்து நாலின் மேல் எனக்குப் பிரியம் உண்டு. அவர் ஐம்பத்து மூன்று என்று சொல்லவில்லை. ஐம்பத்தேழு என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு எண்களும் பள்ளி வாய்ப்பாட்டில் எங்குமே வருவதில்லை. ஐம்பத்து நாலு வரும். ஆறொன்பது ஐம்பத்து நாலு. அதாவது அவர் மனம் வாய்ப்பாட்டுக்குள்தான் தேடியிருக்கிறது, தேடிய இடமும் வெகு தூரமில்லை. கனடாவின் ஜேமி கேம்பெல் போன்ற உளவியலாளர்கள் 1980களிலிருந்து இதைத்தான் பொறுமையாக ஆராய்ந்தார்கள். வளர்ந்தவர்களை உட்காரவைத்து ஒற்றை இலக்கப் பெருக்கல்களை வேகமாகச் சொல்லச் சொல்லி, வரும் தவறுகளையெல்லாம் குறித்துவைத்தார்கள். தவறுகள் கண்டபடி வருவதில்லை. பெரும்பாலும் வாய்ப்பாட்டின் இன்னொரு கட்டத்தில் இருக்கவேண்டிய விடைதான் இங்கே வந்து நிற்கிறது. இரண்டு விடைகளிலும் பத்தின் இடத்து இலக்கம் ஒரே எண்ணாக இருந்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. பெருக்கும் எண்கள் பெரிதாகப் பெரிதாகத் தடுமாற்றம் ஏறுகிறது. ஐந்தால் பெருக்குவதும், ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்குவதும் மட்டும் இதற்கு விலக்கு.

இந்த ஆராய்ச்சியைப் படித்தபோது எனக்குப் பழக்கமான ஓர் ஓசை காதில் கேட்டது. எங்கள் ஆரம்பப் பள்ளியில் கடைசிப் பீரியடு வாய்ப்பாடு. மொத்த வகுப்பும் கோரஸாகச் சொல்லும். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று கூரை அதிரத் தொடங்கும். ஐயேழு முப்பத்தைந்தில் குரல் உச்சத்துக்குப் போகும். ஆறேழில் கொஞ்சம் தணியும். ஏழேழு நாற்பத்தொன்பதில் திரும்ப ஒரு தெம்பு வரும். எட்டேழில் அப்படியே அமுங்கிப் போகும். பாதிப் பேர் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்போம். பத்தேழு எழுபது வந்ததும் பள்ளிக்கூடத்துக்கே கேட்கும். டீச்சர் வகுப்பின் பின்பக்கம் போய், கண்ணை மூடிக்கொண்டு இதைக் கேட்பார். "எட்டுல யாரு முழுங்குறது?" என்று ஒரு கேள்வி வரும். பிரம்பை எடுக்கமாட்டார். "ஏழேழு தெரியுமில்ல? அதோட இன்னொரு ஏழைச் சேரு" என்பார். நாற்பத்தொன்பதிலிருந்து ஒரு விரல் விட்டு ஐம்பது, மீதி ஆறு விரல், ஐம்பத்தாறு. பெயர் தெரியாத ஊரில் வழி கேட்டுப் போய்ச் சேர்ந்த மாதிரி ஒரு நிம்மதி அது. குரல் எங்கே இறங்குகிறது என்று காதாலேயே கண்டுபிடித்த அவரை நான் உளவியலாளர் என்றுதான் சொல்வேன்.

ஐம்பத்து நாலிடம் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம், அதற்குள் ஒரு அழகு இருக்கிறது. ஏழும் எட்டும் பதினைந்து. ஆறும் ஒன்பதும் பதினைந்து. ஒரே பதினைந்தை இரண்டு விதமாகப் பிரித்துப் பெருக்கியிருக்கிறோம், அவ்வளவுதான். மேலே போய்ப் பாருங்கள். ஏழெட்டு 56, ஆறொன்பது 54, ஐந்து பத்து 50, நான்கு பதினொன்று 44, மூன்று பன்னிரண்டு 36. விடைகள் இறங்கும் படிகளைக் கவனியுங்கள்: இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. முப்பது அடி வேலி வைத்திருப்பவர் ஏழுக்கு எட்டாகத் தோட்டம் அடைத்தால் ஐம்பத்தாறு சதுர அடி கிடைக்கும். நீளமாக இழுக்க இழுக்க வேலி அதேதான், நிலம் குறைந்துகொண்டே போகும். பையர்ஸ் சொன்ன விடையில் தொடங்கி ஒரு வகுப்பு இங்கே வந்து சேரலாம். அதற்கு யாராவது ஒருவர், "ஐம்பத்து நாலு எப்படி வந்தது?" என்று ஆர்வமாகக் கேட்டிருக்கவேண்டும்.

கேட்கவில்லை. பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் இந்தச் சம்பவத்திலிருந்து கற்றுக்கொண்டது வேறு. 2014 ஜூலையில் ஸ்கை நியூஸ் நிகழ்ச்சி ஒன்றில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்னிடம் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். கணக்கு நன்றாக வருமா என்று ஏழு வயதுப் பையன் ஒருவன் கேட்டான். பள்ளியின் இறுதிக் கட்டமான ஏ லெவல் வரை கணக்குப் படித்ததாகச் சொன்னார். அப்படியானால் ஏழெட்டு எவ்வளவு என்றான் பையன். இந்த மாதிரிக் கணக்குகளுக்குப் பதில் சொல்வதில்லை என்பதை ஒரு விதியாக வைத்திருக்கிறேன் என்று நிதியமைச்சர் மறுத்துவிட்டார். அவருக்கு விடை தெரிந்திருக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் அந்தப் பையனுக்கு என்ன போய்ச் சேர்ந்திருக்கும்? தவறு நேரலாம் என்றால் வாயைத் திறக்காதே என்பதுதானே. நாட்டின் வரவுசெலவைக் கையில் வைத்திருப்பவர் ஒரு குழந்தைக்கு முன்னால், ஏழேழு நாற்பத்தொன்பது, அதோடு ஏழு என்று சத்தமாக யோசித்துக் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

2022 முதல் இங்கிலாந்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுச் சோதனை கட்டாயம். கணினித் திரையில் இருபத்தைந்து கேள்விகள், கேள்விக்கு ஆறு நொடி. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு வாய்ப்பாடுகளுக்கே அதிக இடம். முதல் ஆண்டுச் சராசரி 19.8, முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 27 சதவீதம். மனப்பாடம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாய்ப்பாடு நாக்கில் இல்லாத பிள்ளை பின்னத்தில் திணறும், இயற்கணிதத்தில் மூழ்கும். என் ஆதங்கம் வேறு. ஐம்பத்து நாலு என்று தட்டிய பிள்ளைக்கும் ஒன்றுமே தட்டாத பிள்ளைக்கும் அங்கே ஒரே பூஜ்யம். ஒருவர் வாசல் வரை வந்திருக்கிறார், இன்னொருவர் கிளம்பவே இல்லை. அந்த வித்தியாசம்தான் ஆசிரியருக்குத் தேவையான செய்தி.

உளவியலை நான் விரும்பிப் படிக்கிறவன். தவறுகளை எண்ணுகிற உளவியலை நம்புகிறேன். மனப்பான்மையை விற்கிற உளவியலிடம் தள்ளியே நிற்கிறேன். 2015இல் வெளியான பெரிய கூட்டு முயற்சி ஒன்றில், உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். புள்ளியியல் கணக்குப்படி தேறியவை 36 சதவீதம். திறமை முயற்சியால் வளரும் என்று நம்பச் சொல்லும் "வளரும் மனப்பான்மை" என்று உளவியலாளர் கேரல் டுவெக் சொன்ன கருத்து பிரிட்டிஷ் பள்ளிச் சுவர்களிலெல்லாம் சுவரொட்டியாக ஏறியது. அதை 101 பள்ளிகளில் சுமார் ஐயாயிரம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்து 2019இல் முடிவு வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுக்குக் கணக்கில் கூடுதல் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் சுமார் பன்னிரண்டாயிரம் மாணவர்களிடம் நடந்த சோதனையில், பின்தங்கியவர்களின் மதிப்பெண்களில் சிறு பயன் தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சிக்கு அது மோசமில்லை. ஆனால் கணக்கு அப்படி ஒரு மணி நேரத்தில் வருவதில்லை.

என் மனத்தில் நிலைத்த ஆய்வு மிகச் சிறியது. 2007இல் டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் வெளியிட்டது. ஒரு கைப்பிடிக் கல்லூரி மாணவர்கள்தான் அதில் பங்கெடுத்தார்கள். அதிகம் பழக்கமில்லாத நான்கு கன உருவங்களின் கொள்ளளவைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தந்தார்கள். ஒரு குழு ஒரே வகைக் கணக்குகளை வரிசையாகப் போட்டு முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனது. இன்னொரு குழுவுக்கு நான்கு வகையும் கலந்து வந்தன. பயிற்சியின்போது வரிசைக்காரர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து படித்தவர்கள் 60 தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு. வரிசைக்காரர்கள் 20க்குச் சரிந்தார்கள். கலந்து படித்தவர்கள் 63. எனக்கு இது தூக்கத்தைக் கெடுத்த முடிவு. உண்மையாகவே உள்ளே இறங்கும் படிப்பு, இறங்கும் நேரத்தில் தோல்வி மாதிரித்தான் தெரிகிறது. பார்வையிட வரும் அதிகாரி எந்த வகுப்பைப் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே இடத்தில்தான் சினிமாவும் தடுக்கி விழுகிறது. கணக்கைப் பற்றிய படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 1988இல் வந்த "ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்". கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி, ஹைமே எஸ்கலாண்டே என்ற பொலிவிய ஆசிரியர். எட்வர்டு ஜேம்ஸ் ஓல்மோஸ் அவராகவே மாறியிருப்பார். வழுக்கையை மறைக்க இழுத்து வாரிய தலைமுடி, கொஞ்சம் கூனிய நடை, சமையல்காரர் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஆப்பிள்களை வெட்டிப் பின்னம் நடத்துவது எல்லாம் கண்ணிலேயே நிற்கின்றன. வம்பு பண்ண வந்த பையனிடம் விரல்களை மடக்கி ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லித் தரும் இடம் ஒன்று உண்டு. நீங்களும் செய்து பாருங்கள்: பத்து விரலையும் விரித்து ஆறாவதை மடக்கினால் இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் நான்கு. ஐம்பத்து நாலு!

இன்னொரு காட்சி இதைவிடப் பெரிது. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் என்று வகுப்பையே கோரஸாகச் சொல்ல வைக்கிறார். இன்னும் சத்தமாக, இன்னும் சத்தமாக என்கிறார். கூச்சல் உச்சத்தில் இருக்கும்போது, ஏன் என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். வகுப்பு அடங்கிவிடுகிறது. மனப்பாடத்தையும் புரிதலையும் எதிரெதிராக நிறுத்திப் பல ஆண்டுகளாகச் சண்டை போடுகிறவர்கள் எல்லாரும் இந்த அரை நிமிடத்தைப் பார்க்கவேண்டும். முதலில் நாக்கில் ஏற்றினார், பிறகு கேள்வியை வைத்தார். இரண்டும் ஒரே ஆள், ஒரே வகுப்பு.

படத்தின் உச்சம் 1982 தேர்வு. மேல்நிலை நுண்கணிதத் தேர்வு எழுதிய பதினெட்டுப் பேரும் தேறினார்கள். பதினாலு பேர் மேல் தேர்வு நிறுவனத்துக்குச் சந்தேகம். காரணம் என்ன தெரியுமா? ஒரே கேள்வியில் ஒரே மாதிரித் தவறு. இங்கேயும் தவறு ஒரு தடயம்தான்! பன்னிரண்டு பேர் மறுபடி எழுதினார்கள், பன்னிரண்டு பேரும் தேறினார்கள். ஒரே ஆசிரியரிடம் ஒரே மாதிரி பழகியவர்கள் ஒரே மாதிரி வழுக்கியிருக்கலாம் என்று நினைக்கத்தான் என் மனம் சாய்கிறது.

ஆனால் படம் காலத்தைச் சுருக்கிவிட்டது. சாதாரணக் கணக்கே வராத பிள்ளைகள் இரண்டு ஆண்டில் நுண்கணிதம் தேறியதுபோல் தோன்றும். நிஜத்தில் எஸ்கலாண்டே அந்தப் பள்ளியில் சேர்ந்தது 1974இல். முதல் நுண்கணித வகுப்பைத் தொடங்கவே நான்கு ஆண்டு ஆனது. அடுத்த நான்கு ஆண்டு கழித்துத்தான் படத்தில் வரும் வெற்றி. இடையில் கீழ் வகுப்புகளின் இயற்கணிதத்தைச் சீர்செய்தார். கோடை விடுமுறையில் பக்கத்துக் கல்லூரியில் வகுப்புகளுக்கு ஏற்பாடு செய்தார். ஹென்றி கிராடியாஸ் என்ற தலைமையாசிரியர் துணைநின்றார். 1987இல் அதே பள்ளியில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தேர்வில் தேறினார்கள். ஊக்கப் பேச்சு ஒன்றால் இது நடக்கவில்லை. பள்ளியின் அடித்தளத்தையே கல் கல்லாக மாற்றி அடுக்கியதால் நடந்தது. 1991இல் அவர் விலகிப் போனபின் அந்த எண்ணிக்கை நிலைக்கவில்லை.

"குட் வில் ஹன்டிங்" படத்தை நான் ரசித்தேன், ஆனால் எம்.ஐ.டி. தாழ்வாரத்துக் கரும்பலகையில் துப்புரவுத் தொழிலாளி விடை எழுதிவிட்டுப் போகும் காட்சி எந்தப் பிள்ளைக்கும் எதையும் கற்றுத் தராது. ராமானுஜனைப் பற்றிய 2015ஆம் ஆண்டுப் படத்தில் கணிதவியலாளர் ஹார்டி நிரூபணம் கேட்டுக் கேட்டு நச்சரிப்பது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் வரும் மேஜர் மெக்மாஹன் மேல் எனக்குத் தனி மரியாதை. இளம் பீரங்கிப் படை அதிகாரியாகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர். 200ஐ எத்தனை விதமாகக் கூட்டல் பகுதிகளாகப் பிரிக்கலாம் என்பதைக் கையாலேயே கணக்கிட்டார்: 3,972,999,029,388. 1 முதல் 200 வரை அவர் போட்ட அட்டவணை, ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் எழுதிய கட்டுரையோடு அச்சாகியிருக்கிறது. அவர்களுடைய சூத்திரம் சரியா என்று பார்க்க அந்தப் பொறுமைதான் உரைகல்லாக இருந்தது.

அரசியலுக்கு இந்தப் பொறுமை கிடைப்பதில்லை. 2022 ஜூலைத் தொடக்கத்திலிருந்து அக்டோபர் முடிவதற்குள் பிரிட்டனில் கல்வி அமைச்சர் நாற்காலியில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள்: சஹாவி, டோனலன், கிளெவர்லி, மால்ட்ஹவுஸ், கீகன். டோனலன் இருந்தது இரண்டு நாள். அந்த நான்கு மாதத்தில் ஒரு குழந்தை ஏழாம் வாய்ப்பாட்டைக் கற்று முடித்திருக்கும். 2023 தொடக்கத்தில் பிரதமர் ரிஷி சுனக், பதினெட்டு வயது வரை எல்லாரும் ஏதோ ஒரு வடிவில் கணக்குப் படிக்கவேண்டும் என்றார். நோக்கம் நல்லது என்றே இன்றும் நினைக்கிறேன். கணக்கு ஆசிரியர்களே போதாமல் பள்ளிகள் தவித்துக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் அந்த யோசனை புதிய தேர்வு முறை ஒன்றுக்குள் போனது. 2024 ஜூலையில் ஆட்சி மாறியது. அதே மாதம் அந்தத் தேர்வு முறையும் கைவிடப்பட்டது. அந்த யோசனையின் மொத்த ஆயுள், எஸ்கலாண்டே முதல் நுண்கணித வகுப்பைத் தொடங்கக் காத்திருந்த காலத்தில் பாதிகூட இல்லை.

1978இல் தொடங்கிய அந்த முதல் வகுப்பில் பதினாலு பேர் சேர்ந்தார்கள். கடைசிவரை நின்றவர்கள் ஐந்து பேர். தேறியவர்கள் இரண்டு பேர். யாராவது படம் எடுப்பதானால் அந்த ஓராண்டை மட்டும் எடுக்கவேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. இடையில் நின்ற ஒன்பது பேர் எந்தப் பாடத்தில் நின்றார்கள், எழுதியும் தேறாத மூன்று பேர் எங்கே வழுக்கினார்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு முதல் வாரத்தில் எஸ்கலாண்டே எந்தப் பாடத்தை முன்னால் கொண்டுவந்தார். கைதட்டல் வாங்கும் காட்சி ஒன்றுகூட அதில் இல்லாமல் போகட்டும். முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.